வாசகரைத் தேடிச் சென்ற நூலகர்

விழிஞ்ஞத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே நாளில் பல மொழிகளுக்குள் புகுந்து வெளிவருகின்றனர். வீட்டில் தமிழ், தெருவிலும் மீன் சந்தையிலும் பேருந்திலும் மலையாளம், வகுப்பறையில் ஆங்கிலமும் இந்தியும். பேசுவதற்கு இத்தனை மொழிகள் இருந்தும், படிப்பதற்கென்று ஒரு நூலகத்துள் நுழையும்போது பலருக்கும் தயக்கம் வந்துவிடுகிறது. இங்கே நம் மொழியில் நூல் இருக்குமா, கேட்டால் எடுத்துத் தருவார்களா, இது நமக்கான இடந்தானா என்னும் ஐயங்கள் எழுகின்றன. பிள்ளைகளைவிடப் பெற்றோருக்கே இத்தயக்கம் மிகுதி. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள் பலர் நூலகத்தின் வாயிற்படியைக் கூட மிதிப்பதில்லை.

அந்தத் தயக்கம் வாசகரின் குறையன்று, அதைப் போக்குவது நூலகத்தின் கடமை என்று ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே வற்புறுத்தியவர் ஒரு தமிழர். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதனே அவர்.

அரங்கநாதன் 1892 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சோழநாட்டுச் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் இராமாமிர்தம் சிறிதளவு நிலமுடையவர். இராமாயணத்தை ஊரார்முன் படித்துப் பொருள் விரித்துரைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அமர்ந்து கேட்கக்கூடிய வாசிப்பு அது. மகனுக்கு ஆறு வயதானபோது தந்தையார் மறைந்தார். தாயார் சீதாலட்சுமியின் அரவணைப்பில் சிறுவன் சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றான். உடல்நலம் குன்றிய பிள்ளை. பேசும்போது நா திக்கும். பிற்காலத்தில் உலக அரங்குகளில் ஓயாமல் உரையாற்றியவர் இவரே என்பதை நினைவில் கொள்க.

பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து 1913 இல் இளங்கலைப் பட்டமும், 1916 இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர் அவருக்கு ஆசிரியராக மட்டுமன்றி வாழ்நாள் வழிகாட்டியாகவும் விளங்கினார். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்த அரங்கநாதன் 1917 முதல் மங்களூரிலும், பின்னர்க் கோயம்புத்தூரிலும், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். கற்பித்தல் அவருக்கு உயிர். மாணவரை வினாக்கள் வழியே தாமே விடை காணச் செய்வது அவருடைய முறை. ஆனால் ஆசிரியர் ஊதியமோ மிகக் குறைவு.

அந்நிலையில் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தியது. விண்ணப்பித்தோர் நூற்றுக்கணக்கானவர், நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களுள் எவருமிலர். நண்பர் வற்புறுத்தவே அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வுக்குச் சில நாள்களுக்கு முன்னர்ப் பெருங்கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அத்துறையில் அவர் பெற்றிருந்த முழு அறிவு! எனினும் அவரே தேர்வு பெற்றார். 1924 சனவரி 4 ஆம் நாள் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சில நாள்களிலேயே அவருக்கு மனம் கசந்துவிட்டது. நூல்கள் அலமாரிகளில் உறங்கின. வாசகர் வருகையோ அரிது. மாணவர் சூழ வாழ்ந்தவருக்கு அத்தனிமை சிறைபோல் தோன்றியது. கல்லூரிக்கு விரைந்து சென்று, பழைய பணியையே திரும்பத் தருமாறு வேண்டினார். கல்லூரி முதல்வர் ஓர் உடன்பாட்டைக் கூறினார். புதிய பதவிக்குரிய பயிற்சிக்காக அரங்கநாதன் இங்கிலாந்து செல்ல வேண்டியிருந்தது. அங்குச் சென்று நூலகங்களைப் பார்த்துத் திரும்பிய பின்னும் மனம் ஒட்டாவிடில் கணித ஆசிரியர் பணி அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதே அது. அரைமனத்தோடுதான் அவர் கப்பலேறினார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகவியல் பயின்ற காலத்தில், பெர்விக் சேயர்சு என்னும் ஆசிரியர் அவரைப் பாடநூலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாடெங்கும் உள்ள நூலகங்களை நேரில் கண்டுவருமாறு அனுப்பினார். அங்கே அவர் கண்ட காட்சி புதிது. தொழிலாளர் வேலை முடிந்த உடையோடு நூலகத்துக்கு வந்தனர். சிறுவர்க்கெனத் தனியறை இருந்தது. அங்கே கதை சொல்வதற்கும் ஆள் இருந்தார். இல்லத்தரசியர் நூல்களைக் கூடையில் இட்டு எடுத்துச் சென்றனர். சென்னையில் நூலகம் கற்றவர் சிலருக்கு மட்டும் உரிய காப்பறையாக இருக்க, இங்கே அது ஊர்க்கிணறு போல எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. மனம் கசந்து சென்றவர் மனம் மாறியது நூல்களைக் கண்டதாலன்று. நூல்களைத் தேடி வந்த மனிதர்களைக் கண்டதால்தான் என்று நமக்கு எண்ணத் தோன்றுகிறது.

அங்குள்ள பெரிய கடை ஒன்றில் அவர் ஒரு விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணிகளால் விதவிதமாகப் பிணைத்து வண்டி, பாலம், பாரந்தூக்கி என எதையும் செய்யலாம். ஒரு நூலின் பொருளையும் இவ்வாறே சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு பிணைக்கலாமே என்னும் எண்ணம் அவருள் மின்னியது. அக்கூறுகளைப் பிணைக்கும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளியை. ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயர். ஆகவே அம்முறை கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்று, 1933 இல் நூலாக வெளிவந்தது.

1925 இல் சென்னை திரும்பியவர் கணித ஆசிரியர் பணியைப் பற்றிப் பின்னர்க் கேட்கவேயில்லை. நூலகத்தின் நடைமுறைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். வாசகர் தாமே அலமாரிகளுக்கிடையே நடந்து, நூலைத் தொட்டு எடுத்துப் பார்க்கலாம் என்றார். நூல்கள் களவுபோகும் என அஞ்சியோர் இருந்தனர். பூட்டிய நூல் களவுபோன நூலைப் போலவே எவர்க்கும் பயன்படாது என்பது அவருடைய துணிபு. வருவோரை வரவேற்று, வேண்டியதைக் கேட்டறிந்து உதவுவதற்கென்றே பணியாளரை அமர்த்தினார். தாமும் வாரத்தின் ஏழு நாளும் விடியல் முதல் இரவு வரை நூலகத்திலேயே உழைத்தார். முதல் மனைவியார் உருக்குமணி 1928 இல் ஒரு விபத்தில் இறந்தது அவரைப் பெரிதும் வாட்டியது. அடுத்த ஆண்டு சாரதா அம்மையாரை மணந்துகொண்டபோது, திருமணச் சடங்கு முடிந்ததும் அன்றே நூலகப் பணிக்குத் திரும்பினார் என்பர். இதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. சாரதா அம்மையாரின் பொறுமையையும் சேர்த்தே சொல்வதுதான் முறை.

1928 இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பெற்றது. அதன் செயலாளராக அரங்கநாதன் பல்லாண்டு பணியாற்றினார். அடுத்த ஆண்டே நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளியும் உருவாயிற்று. இக்காலத்தில்தான் நூலகத்தின் கடமைகள் எல்லாவற்றையும் சில அடிப்படை விதிகளில் அடக்கிவிட முடியாதா என்று அவர் சிந்தித்துக்கொண்டிருந்தார். கணிதம் பயின்ற மனமல்லவா! பேராசிரியர் ராஸ் ஒருநாள் வந்தபோது, முதல் விதியைப் பேச்சுவாக்கில் எடுத்துக் கொடுத்தார் என்றும், மற்றவை அதிலிருந்து தாமே விரிந்தன என்றும் கூறுவர். அவ்வாறு பிறந்த ஐந்து விதிகள் 1931 இல் நூலாயின. நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி. இவையே அவற்றின் சாரம்.

இவ்வைந்தனுள் இரண்டாவதை நாம் சற்றே நின்று நோக்குவோம். ஒவ்வொரு வாசகர்க்கும் என்று சொல்வது எளிது. யார் அந்த ஒவ்வொருவர்? இவ்வினாவை அரங்கநாதன் விடாமல் துருவினார். ஆடவர்க்கு மட்டுமா, பெண்டிர்க்கும் உண்டா? நகரத்தார்க்கு மட்டுமா, சிற்றூரார்க்கும் உண்டா? கண்பார்வையற்றோர், மருத்துவமனையில் கிடப்போர், சிறையில் இருப்போர் ஆகியோர் வாசகர் அல்லரா? பெரியவர்க்கு உள்ள உரிமை சிறுவர்க்கு இல்லையா? அவருடைய பட்டியல் நிலத்தோடு நிற்கவில்லை, கடலுக்கும் சென்றது. மாதக்கணக்கில் கப்பலில் வாழ்வோரும், தனித்த கலங்கரை விளக்கைக் காத்திருப்போரும்கூட வாசகரே என்று அவர் எழுதினார். நீங்கள் நாள்தோறும் காணும் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் அவர் அதை எழுதிய காலத்தில் கட்டப்படவில்லை. அது 1972 இல்தான் ஒளிவீசத் தொடங்கியது. இன்று விழிஞ்ஞம் துறைமுகத்தில் பல நாட்டு மாலுமிகளைச் சுமந்த பெருங்கப்பல்கள் வந்து நிற்கின்றன. அரங்கநாதன் இதைக் கண்டிருந்தால், அவர்கள் படிக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்றே முதலில் கேட்டிருப்பார்.

எழுத்தறியாதவர் என்ன செய்வது என்னும் வினாவுக்கும் அவரிடம் விடை இருந்தது. அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள் என்பதே அது. சீர்காழித் திண்ணையில் தந்தையார் செய்ததைத்தான் மகன் நூலகத்தின் கடமையாக்கினார் என்று கூறலாம்.

நூலகத்துக்கு வர இயலாத சிற்றூராரிடம் நூலகமே செல்ல வேண்டும் என்ற எண்ணமும் அவ்வாண்டே செயல்வடிவம் பெற்றது. மன்னார்குடியில் கனகசபை என்னும் பொறியாளர் ஒரு மாட்டுவண்டியை நூலகமாக அமைத்தார். 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் அவ்வண்டி தன் பயணத்தைத் தொடங்கியது. வண்டி நிறையத் தமிழ் நூல்கள். ஊர்தோறும் நின்று, நூல் கொடுத்து, முன்பு கொடுத்ததைத் திரும்பப் பெற்று, அடுத்த ஊருக்குச் செல்லும். கற்பனை செய்து பாருங்கள்: மாட்டின் மணியோசை கேட்டு ஓடிவரும் சிறுவர்கள், வயலிலிருந்து சேற்றுக்காலோடு வருவோர்! ஆங்கில நூல்கள் நிறைந்த பல்கலைக்கழக நூலகத்தின் தலைவர் தாய்மொழி நூல்கள் ஏறிய மாட்டுவண்டியைப் பெரிதாக மதித்தார் என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

ஏறத்தாழ இதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் இத்தகைய முயற்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. கரிபியக் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில் மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி. அங்கிருந்து பிழைப்புத் தேடி நியூயார்க்கு நகரில் குடியேறியோர் பலர். அவர்களுள் ஒருவரான பூரா பெல்ப்ரே என்னும் பெண்மணி 1921 இல் அந்நகரப் பொது நூலகத்தின் கிளையொன்றில் பணிக்குச் சேர்ந்தார். நூலகம் ஆங்கிலம் அறிந்தோர்க்கே உரியது என்று தம் மக்கள் ஒதுங்கி நிற்பதை அவர் கண்டார். சிறுவர் அலமாரியில் தம் தீவின் கதை ஒன்றுகூட இல்லாததையும் கண்டார். தம் பாட்டியிடம் கேட்ட கதைகளைப் பொம்மைகளைக் கொண்டு ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் சொல்லத் தொடங்கினார். குடியேறியோர் கூடும் இடங்களுக்குத் தாமே சென்று நூலகத்துக்கு அழைத்தார். சனவரி 6 ஆம் நாள் அம்மக்கள் கொண்டாடும் மூவரசர் திருநாளை நூலகத்துக்குள்ளேயே கொண்டாடச் செய்தார். ஓர் எலிக்கும் கரப்பான் பூச்சிக்கும் நடந்த திருமணத்தைப் பற்றிய அவருடைய கதை 1932 இல் அச்சேறியது. வீட்டில் கேட்ட கதையை நூலக அலமாரியில் அச்சிட்ட நூலாகக் கண்ட அப்பிள்ளைகளின் மகிழ்ச்சியை விழிஞ்ஞத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

அரங்கநாதன் வாழ்க்கைக்கு மீள்வோம். மாட்டுவண்டி ஒருவரின் நன்மனத்தால் ஓடியது; அவர் ஓய்ந்தால் வண்டியும் ஓய்ந்துவிடும். ஆதலால் நூலகம் மக்களின் உரிமையாகச் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று அரங்கநாதன் விரும்பினார். 1930 இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரிச் சட்ட வரைவை முன்வைத்தார். சென்னைச் சட்டமன்றத்தில் தொடக்க முயற்சி பயனளிக்கவில்லை. அவர் மீண்டும் எழுதினார், திருத்தினார், அமைச்சர்களைக் கண்டு பேசினார். பதினெட்டு ஆண்டுகள் கடந்து, அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. வீட்டு வரியோடு சேர்த்துப் பெறும் சிறு தொகை நூலகங்களுக்கு உரியதாயிற்று. இன்றைய கேரளத்தின் வடபகுதியான மலபார் அந்நாளில் சென்னை மாகாணத்தில் இருந்தமையால், அங்கும் இச்சட்டம் செல்லுபடியாயிற்று.

தென்பகுதியான திருவிதாங்கூரில் வேறு வழி பிறந்தது. குட்டநாட்டு நீலம்பேரூரில் 1926 இல் ஒரு சிறு நூலகம் தொடங்கிய பள்ளி ஆசிரியர் பி. என். பணிக்கர், 1945 இல் 47 சிற்றூர் நூலகங்களை ஒன்றிணைத்து அம்பலப்புழையில் ஒரு சங்கம் கண்டார். விழிஞ்ஞமும் நாகர்கோவிலும் அப்போது ஒரே அரசின்கீழ் இருந்தன. 1970 இல் அவர் பாறசாலையிலிருந்து காசர்கோடு வரை எழுத்தறிவைப் பரப்ப நடைப்பயணம் மேற்கொண்டார். ஆண்டுதோறும் சூன் 19 அன்று உங்கள் பள்ளியில் வாசிப்பு நாள் கொண்டாடுகிறீர்களே, அது இவருடைய நினைவு நாள்.

1945 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகிய அரங்கநாதன், ஓய்வெடுக்கவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களை உதவியாளர் பெரிதும் இன்றித் தாமே பகுத்து ஒழுங்கு செய்தார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் தங்கி எழுதினார். 1957 இல் பத்மசிறீ விருது பெற்றார். பெங்களூரில் குடியேறி 1962 இல் ஆவணவியல் ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965 இல் நடுவண் அரசு அவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக்கியது. புகழ் வளர்ந்த அளவுக்கு அவருடைய தேவைகள் வளரவில்லை. முரட்டுக் கதராடையே உடுத்தினார். சேமித்த பொருளிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். அப்பதவிக்குத் தம் பெயரை மட்டும் சூட்டாமல், மனைவியார் சாரதாவின் பெயரையும் சேர்த்தே சூட்டினார். 1972 செப்டம்பர் 27 ஆம் நாள் பெங்களூரில் அவர் உயிர் நீத்தார். ஆகஸ்டு 12 ஆம் நாள் நம் நாட்டில் நூலகர் நாளாக அவருடைய நினைவில் கொண்டாடப்படுகிறது.

விழிஞ்ஞத்திலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரம் பாளையத்தில் மாநில நடுவண் நூலகம் இருக்கிறது. 1829 இல் தோன்றிய அந்நூலகம் இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. மலையாளம், ஆங்கிலம், இந்தி, சமற்கிருதம் ஆகியவற்றோடு தமிழ் நூல்களும் அங்கே உள்ளன. அடுத்த முறை நகரத்துக்குச் செல்லும்போது பெற்றோரையும் உடன் அழைத்துச் சென்று, தமிழ் நூல்கள் எங்கே உள்ளன என்று நூலகரிடம் கேளுங்கள். எந்த நூலகமாயினும், அரங்கநாதனின் கோலன் முறைப்படி நூல்களை அடுக்கினால், இலக்கியப் பிரிவில் தமிழுக்கு அவர் தந்த எண் 31. அதை அடுத்து நிற்கும் 32 மலையாளத்துக்கு உரியது.